ராத்திரி வாசித்தவர் காலையில் பாடம் எடுக்கிறார்

ஞாயிற்றுக்கிழமை இரவு, மலேசியாவின் சிலிம் ரிவரில் ஒரு கல்யாண விருந்து. கீபோர்டு நான்தான். ஸ்பீக்கர், வயர், ஸ்டாண்டு எல்லாம் வேனில் ஏறியபோது பதினொன்றரை தாண்டிவிட்டது, வீடு வந்து படுக்க மணி ஒன்று. மறுநாள் காலை ஏழரைக்கு தஞ்சோங் மாலிமில் என் பள்ளியில் இரண்டாம் படிவத்துக்கு இசை வகுப்பு. உள்ளே நுழைந்ததும் பின்வரிசைப் பையன் ஒருவன், "டீச்சர், நேத்து எங்க மாமா மக கல்யாணத்துல நீங்கதானே வாசிச்சீங்க?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். வகுப்பு முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்தது. அன்றைக்கு நான் நடத்திய பாடம் அந்த ஆண்டின் மிக நல்ல பாடங்களில் ஒன்று, ஏனென்றால் முந்தைய இரவு மேடையில் நடந்ததைத்தான் நடத்தினேன். பாட வந்த அண்ணன் பல்லவியை ஒரு சுருதியில் எடுத்து, சரணத்துக்குள் அரைக்கட்டை ஏறிவிட்டார். பாஸ் வாசித்த தம்பி பழைய சுருதியிலேயே நிற்க, நான் இரண்டு பேருக்கும் நடுவில் எந்தக் கட்டையைத் தொடுவது என்று ஒரு நொடிக்குள் முடிவு செய்ய வேண்டியிருந்தது. அதை அப்படியே வகுப்பில் வாசித்துக் காட்டினேன். சுருதி மாற்றம் என்ற பாடத்தை எந்தப் புத்தகத்தை வைத்தும் அவ்வளவு சீக்கிரம் என்னால் புரியவைத்திருக்க முடியாது.

இதை எழுதக் காரணம், ஒரு மூத்த ஆசிரியர் என்னிடம் அன்போடுதான் சொன்ன ஒரு வார்த்தை. "ஒண்ணு வாத்தியாரா இரும்மா, இல்ல மேடைக்காரியா இரு. ரெண்டும் ஒண்ணா ஓடாது." வெளிவேலைக்கு முறையாக அனுமதி வாங்கித்தான் வாசிக்கிறேன், அரசு ஊழியர் எல்லாரும் அப்படித்தான் செய்ய வேண்டும். அனுமதி அவருக்குப் பிரச்சினையே இல்லை. வாத்தியார் என்றால் ஒரு மதிப்பு, மேளக்காரர் என்றால் வேறு ஒரு இடம் என்று தோட்டப்புறத்தில் நாம் எல்லாரும் வளர்ந்த கணக்கு ஒன்று உண்டே, அதிலிருந்து பேசினார். அந்தக் கணக்கு தப்பு என்று எனக்குக் காட்டியவர்கள், அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த ஜாஸ் இசையின் கலைஞர்கள். இரவில் கிளப்பில் வாசித்துவிட்டு மறுநாள் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுத்தவர்கள். அவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

முதலில் எல்லிஸ் மார்சாலிஸ். நியூ ஆர்லியன்ஸ் நகரத்துப் பியானோக்காரர், 1934இல் பிறந்தவர். வின்டன், பிரான்ஃபர்ட் என்று உலகம் அறிந்த பிள்ளைகளின் அப்பா என்றுதான் பலருக்குத் தெரியும். ஆனால் லூசியானா மாநிலத்தின் ஒரு சின்ன ஊரில், பள்ளிக்கூடத்து பேண்டு வாத்தியாராகவும் அவர் வேலை பார்த்திருக்கிறார். அதைப் படித்தபோது என் மனசு அவரோடு ஒட்டிக்கொண்டது. 1974இல் நியூ ஆர்லியன்ஸில் இளம் கலைஞர்களுக்காக நடந்த ஒரு பள்ளியில் சேர்ந்து சொல்லிக்கொடுத்தார், டெரன்ஸ் பிளான்சார்ட், டொனால்டு ஹாரிசன், ஹாரி கானிக் ஜூனியர் எல்லாம் அவர் கைபட்டு வந்தவர்கள். பிறகு 1989 முதல் 2001 வரை நியூ ஆர்லியன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜாஸ் படிப்பை நடத்தினார். இவ்வளவுக்கும் நடுவில், வெள்ளிக்கிழமை இரவென்றால் ஸ்னக் ஹார்பர் என்ற கிளப்பில் அவர் வாசிப்பார். ஒரு வருடம் இரண்டு வருடம் இல்லை, பல பத்தாண்டுகளாக. படிக்கிற பிள்ளைகள் அங்கே போய் உட்கார்ந்து, வகுப்பில் சொன்னதை வாத்தியார் மேடையில் எப்படிச் செய்கிறார் என்று தங்கள் காதாலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். 2020 ஏப்ரல் முதல் தேதி, கோவிட் நோயால் அவர் இறந்தார். 85 வயது. அந்தச் செய்தி வந்தபோது இங்கே நாங்களும் நடமாட்டக் கட்டுப்பாட்டில் வீட்டுக்குள் அடைந்திருந்தோம். அன்று மாலை ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு தெரிந்த ஜாஸ் துண்டுகள் எல்லாவற்றையும் வாசித்தேன். அது ஒரு அஞ்சலி, வேறு எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, இவர்கள் ஏன் பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள்? சம்பளத்துக்காக என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம், பொய்யும் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்று நடந்தது. பழைய நாளில் ஜாஸ் கற்ற இடம் மேடைதான். ஆர்ட் பிளேக்கி என்ற டிரம்ஸ் கலைஞர் 1950களிலிருந்து 1990இல் சாகும்வரை தன் குழுவில் இளைஞர்களைச் சேர்த்துச் சேர்த்து, பழக்கி, வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார், அந்தக் குழுவையே ஒரு பள்ளிக்கூடம் என்றுதான் சொல்வார்கள். 1960களில் ராக் இசை வந்து கூட்டத்தைக் கொண்டுபோனது, கிளப்புகள் ஒவ்வொன்றாக மூடின. மேடை போனால் பிழைப்பு போகும், பள்ளிக்கூடமும் கூடவே போகும்.

அதே நேரத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கறுப்பின மாணவர்கள், எங்கள் வரலாறும் எங்கள் கலையும் பாடத்தில் ஏன் இல்லை என்று போராடினார்கள். 1968, 69இல் அது உச்சத்துக்குப் போனது. அந்தப் பிள்ளைகள் திறந்த கதவு வழியாகத்தான் பல பெரிய கலைஞர்கள் உள்ளே வந்தார்கள் என்பதை யாரும் மறக்கக் கூடாது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆமெர்ஸ்ட் வளாகத்தில் 1970களில் டிரம்ஸ் கலைஞர் மேக்ஸ் ரோச்சும் சாக்ஸபோன் கலைஞர் ஆர்ச்சி ஷெப்பும் பேராசிரியர்கள். யூசஃப் லட்டீஃப் 1975இல் அங்கேயே முனைவர் பட்டம் வாங்கினார், அப்போது அவருக்கு 54 வயது. ஏற்கெனவே உலகம் முழுக்கப் பேர் வாங்கிய ஒரு ஊதுகலைஞர் அந்த வயதில் மாணவராக உட்கார்ந்து ஆராய்ச்சி எழுதினார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தெம்பு வரும்.

ஜாக்கி மெக்லீன் கதை இன்னும் கிட்டத்தில் வருகிறது. ஹார்லெமில் பக்கத்துத் தெருவில் இருந்த பட் பவலிடம் பியானோவைக் கேட்டுக் கேட்டு சாக்ஸபோன் கற்ற பையன், இருபது வயதில் டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸோடு பதிவு. ஆனால் அன்றைய நியூயார்க்கில் மது விற்கும் இடத்தில் வாசிக்கப் போலீஸ் கொடுக்கும் அனுமதி அட்டை வேண்டும். போதைப் பழக்கத்தில் சிக்கி அந்த அட்டையை இழந்தார், ஊரின் கிளப்புகளில் வாசிக்க முடியாமல் போனது. அப்புறம் அதிலிருந்து மீண்டு, 1968இல் ஹார்ட்ஃபர்ட் பல்கலைக்கழகத்தின் இசைப்பள்ளியில் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார், 1980இல் அங்கே தனித் துறையே உருவானது. அதோடு நிற்கவில்லை. 1970இல் மனைவி டாலியோடு சேர்ந்து அதே நகரத்தின் ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு கலைக்கூடம் தொடங்கினார். காலையில் பல்கலைக்கழகம், மாலையில் தெருப்பிள்ளைகள், நடுநடுவே உலகம் சுற்றிக் கச்சேரி. அவரை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்?

இசைப் பள்ளிகள் ஆரம்பத்தில் ஜாஸைக் கூடத்துக்குள்ளேயே விடவில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பயிற்சி அறையில் ஜாஸ் வாசித்தால் திட்டு வாங்கிய மாணவர்கள் எத்தனையோ பேர். 1947இல் வட டெக்சாஸில் முதல்முதலாகப் பட்டப்படிப்பு வைத்தபோதுகூட ஜாஸ் என்ற சொல்லைப் போடாமல் "நடன இசைக்குழு" என்றுதான் பெயர் வைத்தார்கள். நம் ஊரில் உறுமி மேளத்துக்குப் பள்ளி விழாவில் "பாரம்பரியத் தாளக் குழு" என்று பெயர் மாற்றி அறிவித்ததை நான் பார்த்திருக்கிறேன். பெயரை மாற்றினால்தான் வாசல் திறக்கும் என்ற நிலை எனக்குப் புதிதில்லை.

பெண்ணாகவும் பியானோக்காரியாகவும் நான் அடிக்கடி நினைப்பது மேரி லூ வில்லியம்ஸை. 1910இல் பிறந்தவர், குழந்தையிலிருந்தே மேடை. 1940களில் ஹார்லெமில் அவருடைய வீடுதான் இளைஞர்களின் கூடம், தெலோனியஸ் மங்க், பட் பவல், டிஸி கில்லெஸ்பி எல்லாம் கச்சேரி முடிந்த பிறகு அங்கே வந்து புதிதாகச் செய்ததை வாசித்துக் காட்டுவார்கள். யாரும் அதை வகுப்பு என்று சொல்லவில்லை. டியூக் பல்கலைக்கழகம் அவரைத் தங்கிக் கற்பிக்கும் கலைஞராக அழைத்தது 1977இல், 67 வயதில். 1981இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். நான்கு வருடம். முப்பது ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்க வேண்டிய அழைப்பு.

இனி, நம் ஆட்கள். கனெக்டிகட் மாநிலத்தில் மிடில்டவுன் என்று ஒரு சின்ன நகரம், அங்கே வெஸ்லியன் பல்கலைக்கழகம். பரதநாட்டிய மேதை பாலசரஸ்வதி அம்மாவின் தம்பி ரங்கநாதன் 1963இலிருந்து அங்கே மிருதங்கம் சொல்லிக்கொடுத்தார், பின்னால் இன்னொரு தம்பி விஸ்வநாதன் புல்லாங்குழலோடு வந்து சேர்ந்தார். 1970களில் அதே இசைத்துறைக்கு எட் பிளாக்வெல் வருகிறார். ஜாஸ் சாக்ஸபோன்காரர் ஆர்னெட் கோல்மனோடு வாசித்த, நியூ ஆர்லியன்ஸ் ஊர்வலத் தாளம் கையில் ஊறிய டிரம்ஸ் மேதை. சிறுநீரக நோயோடு போராடிக்கொண்டே வாசித்தார், சொல்லியும் கொடுத்தார். ஒரே துறையில் ஒரு கதவுக்குப் பின்னால் தா தீ கி ண தொம், இன்னொரு கதவுக்குப் பின்னால் நியூ ஆர்லியன்ஸ். அங்கே படித்த பிள்ளைகளை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது, வேறு சொல் தேட விரும்பவில்லை. ரங்கநாதனிடமும் விஸ்வநாதனிடமும் கற்ற ஜான் ஹிக்கின்ஸ்தான் நம்மவர்கள் ஹிக்கின்ஸ் பாகவதர் என்று கொண்டாடிய பாடகர். அவரும் திருச்சி சங்கரனும் 1971இல் டொரண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் தென்னிந்திய இசைப் படிப்பைத் தொடங்கினார்கள். பழனி சுப்பிரமணிய பிள்ளையின் சீடர் சங்கரன், கச்சேரியை விடாமல், ஜாஸ்காரர்களோடும் சேர்ந்து வாசித்துக்கொண்டே, பல பத்தாண்டுகள் அங்கே பேராசிரியராக இருந்தார். "ரெண்டும் ஒண்ணா ஓடாது" என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவர்தான்.

விஜய் ஐயர் என்ற ஜாஸ் பியானோக்காரரின் பெயரை முதலில் கைப்பேசியில் பார்த்தபோது, பெயருக்காகத்தான் தட்டினேன், உள்ளதைச் சொல்கிறேன். தமிழ்ப் பெற்றோருக்கு 1971இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர், மூன்று வயதிலிருந்து வயலின், பியானோ பெரும்பாலும் தானாகக் கற்றது. யேலில் கணிதமும் இயற்பியலும் படித்து, பெர்க்லியில் இயற்பியல் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து, அதை விட்டுவிட்டு இசையை உடம்பு எப்படி உணர்கிறது என்பதைப் பற்றி ஆராய்ந்து 1998இல் பட்டம் வாங்கினார். 2014இலிருந்து ஹார்வர்டில் பேராசிரியர், இன்றும் ஊர் ஊராகப் போய் வாசிக்கிறார். அவருடைய ஆராய்ச்சியில் என்னைப் பிடித்து உட்காரவைத்த விஷயம், நல்ல தாளம் என்பது கடிகாரம் மாதிரி துல்லியமாக விழுவதில்லை, விநாடியின் சின்னச் சின்னப் பின்னத்தில் முன்னும் பின்னும் அசைவதில்தான் அதன் உயிர் இருக்கிறது என்பது. என் சித்தப்பா உறுமி வாசித்ததைக் கேட்ட யாருக்கும் இது விளங்கும். ஆனால் அதை அளந்து, எழுதி, பல்கலைக்கழகத்தில் நிறுத்த ஒருவர் வேண்டியிருந்தது, அந்த ஒருவர் தாமே வாசிக்கிறவராக இருந்ததால்தான் எதை அளக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. பிரின்ஸ்டனில் ஜாஸ் படிப்பை 2016 முதல் நடத்திய ருத்ரேஷ் மகந்தப்பாவும் இதே தலைமுறைதான். கத்ரி கோபால்நாத்தோடு இரண்டு சாக்ஸபோன் சேர்ந்து அவர் செய்த 2008ஆம் ஆண்டுப் பதிவை நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வாசிக்கிறவர் வகுப்புக்கு வந்தால் என்னதான் மாறுகிறது? ஒரே ஒரு காட்சி சொல்கிறேன். கோலாலம்பூரில் ஒரு பயிற்சிப் பட்டறை, நான் மாணவி. டிரம்ஸ் பையன் பதற்றத்தில் வேகத்தைத் தள்ளிக்கொண்டே போகிறான். பியானோவில் இருந்தவர் இரவுகளில் கிளப்பில் வாசிக்கும் ஒரு விரிவுரையாளர். அவர் நிறுத்தவில்லை, திட்டவில்லை. கையைக் குறைத்தார். நாலு அடிக்கு ஒரு கோர்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கொத்து), அப்புறம் எட்டு அடிக்கு ஒன்று. இடம் காலியாகக் காலியாக, பையன் தன் சத்தத்தையே கேட்க ஆரம்பித்தான், ஆறேழு ஆவர்த்தனத்தில் தானாக அடங்கினான். உடனே அவர் நாலு நாலு அடியாக மாற்றி மாற்றி வாசிக்கலாம் என்று கண் காட்டினார். நம் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் கோர்வையைக் குறைத்துக் குறைத்து எதிரெதிரே வாசிப்பார்களே, அதன் ஒன்றுவிட்ட தம்பி இது. ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு பாடம் முடிந்தது. மேடையைவிட்டுப் பத்து வருடம் ஆனவரால் இதைச் செய்ய முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. கை மறக்கும் முன் காது மறந்துவிடும்.

ஜாஸ் கல்லூரிக்குள் போனதால் எல்லாரும் ஒரே மாதிரி வாசிக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு பல காலமாக இருக்கிறது. அதில் உண்மை இருக்கிறது. மதிப்பெண் போட வசதியானது எதுவோ அதுதான் பாடமாகும், அளக்க முடியாதது மெல்ல நழுவும். அதற்கு மருந்தும் எல்லிஸ் மார்சாலிஸின் அந்த வெள்ளிக்கிழமை இரவு மேடைதான் என்று நினைக்கிறேன்.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். பேராசிரியர் என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாரும் வசதியாக இருக்கிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது, ஜாஸ் சொல்லிக்கொடுப்பவர்களில் ஏராளமானோர் மணிக்கணக்குச் சம்பளத்துக்கு வருகிறவர்கள். நியூயார்க்கின் நியூ ஸ்கூல் தன் ஜாஸ் படிப்பை 1986இல் தொடங்கியதே, நகரத்தில் வாசித்துக்கொண்டிருக்கும் கலைஞர்களை ஆசிரியர்களாக்கித்தான். அதே பல்கலைக்கழகத்தின் பகுதிநேர ஆசிரியர்கள் 2022 நவம்பரில் சம்பளம் கேட்டு மூன்று வாரத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். நானும் பட்டம் வாங்கிய புதிதில் ஒரு தனியார் நிலையத்தில் பகுதிநேரமாக வகுப்பு எடுத்தேன், மணிக்கு இருபத்தைந்து வெள்ளி, மாணவர் வராவிட்டால் அதுவும் கிடையாது, பெட்ரோலுக்கே பாதி போய்விடும். ஒரு கல்யாண இரவு கொடுத்தது அந்த ஒரு வாரச் சம்பளத்தைவிட அதிகம். இரண்டையும் சேர்த்துத்தான் வீட்டு வாடகை கட்டினேன். காதலும் தேவையும் ஒரே வேனில்தான் ஏறி வருகின்றன.

எங்கள் ஊருக்கு வருகிறேன். தஞ்சோங் மாலிமில் பெர்ணம் ஆற்றைத் தாண்டினால் சிலாங்கூர், இந்தப் பக்கம் பேராக். சுற்றிலும் களும்பாங், கெர்லிங், பேராங் என்று முன்பு பால்மரமும் (ரப்பர்) இப்போது செம்பனையுமாக நிற்கும் தோட்டங்கள். ஊர் நடுவில் 1922இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி 1997இல் பல்கலைக்கழகமான சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம். அங்கே இசைக்கும் நிகழ்கலைக்கும் ஒரு புலம் உண்டு, தமிழ் படிக்கிற பிள்ளைகளும் உண்டு. ஜாஸ் கேட்க வேண்டுமானால் கோமுட்டர் ரயில் ஏறி கோலாலம்பூர் போக வேண்டும். நோ பிளாக் டை கிளப்பில் முதல்முறை உட்கார்ந்த இரவு, கடைசி ரயிலை விட்டுவிட்டு, ராவாங்கில் இருக்கும் அத்தை வீட்டுக்கு நள்ளிரவில் போய்க் கதவைத் தட்டினேன். அத்தை திட்டிக்கொண்டே மைலோ கலக்கிக் கொடுத்தார்.

என் சித்தப்பா தோட்டத்தில் பகலில் பால் வெட்டினார், சாயங்காலம் கோயில் பின்பக்கம் பையன்களை உட்காரவைத்து உறுமி சொல்லிக்கொடுத்தார். வளைந்த குச்சியைத் தோலில் எந்தக் கோணத்தில் தேய்த்தால் அந்த உறுமல் வரும் என்பதை வாயால் சொல்ல மாட்டார், பையனின் மணிக்கட்டைப் பிடித்து ஒருமுறை தேய்த்துக் காட்டுவார். திருவிழா அன்று அதே பையன்களை வரிசையில் நிறுத்தித் தானும் வாசிப்பார். அவரை ஒருவரும் வாத்தியார் என்று கூப்பிட்டதில்லை. மரம் மாற்றி நட்டார்கள், பிறகு நிலம் கைமாறியது, தொழிலாளர் லயத்து வீடுகள் காலியாயின. பையன்கள் ராவாங், கிள்ளான், ஷா ஆலம் என்று வேலைக்குப் போய்விட்டார்கள், கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவில் நிற்கிறது. நியூயார்க் கிளப்புகள் மூடியபோது என்ன நடந்ததோ அதுதான் இங்கேயும் நடந்தது. அங்கே உள்ளே போக ஒரு பல்கலைக்கழகக் கதவைத் திறந்துவிட்டார்கள். சித்தப்பாவின் வீட்டிலிருந்து எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு மோட்டாரில் பதினைந்து நிமிடம். அவர் அந்த வளாகத்துக்குள் ஒருமுறைகூடப் போனதில்லை, என் பட்டமளிப்பு வேறு ஊரில் நடந்ததால் அதற்கும் வரவில்லை. இப்போது மூட்டுவலி, உறுமி பரணில் இருக்கிறது.

போன மாதம் அவரை என் வகுப்புக்கு அழைத்துவந்தேன், தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துத்தான். வெள்ளை வேட்டி கட்டி, சட்டையின் மேல் பொத்தானைக்கூடப் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு நாற்காலியைப் போட்டோம். பின்வரிசைப் பையன், அந்தக் கல்யாணக்காரன், ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு உறுமிக் குழுவில் வாசிக்கிறவன், தன் உறுமியைக் கொண்டுவந்திருந்தான். வாசித்தான். வேகம் ஏறிக்கொண்டே போனது. சித்தப்பா எதுவும் சொல்லாமல் முழங்காலில் விரலால் ஒன்றுவிட்டு ஒன்று தட்டிக்கொண்டிருந்தார், தட்டுக்கும் தட்டுக்கும் இடைவெளி நீண்டுகொண்டே வந்தது. பையன் அந்த விரலையே பார்த்துக்கொண்டு வாசித்தான். கொஞ்ச நேரத்தில் அடங்கினான்.

மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. "வாத்தியாரே, இன்னொரு தடவை" என்றான் பையன்.